கிளறன்ஸ் எண்ணிய பதினாலு

கிளறன்ஸ் இராஜநாயகம் இருபத்தேழு வருடங்களாக எண்ணிக்கொண்டிருக்கிறார். காசை அல்ல. காசை உட்கார்ந்து எண்ணுகிற அளவுக்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அவர் எண்ணுவது பெட்டிகளை. கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஒரு தனியார் கொள்கலன் யார்ட் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன்களை அங்கே திறந்து சாமான் இறக்குவார்கள். கதவடியில் அட்டையும் பென்சிலுமாக நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோடு போடுகிறவர்தான் ராலி கிளாக்கர். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்துவிட்டால் ஒரு கட்டு முடிந்தது.

எண்ணிக்கையில் அவர் பிழை விட்டதாகச் சரித்திரமே இல்லை. ஒருமுறை ஆயிரத்து இருநூறு பெட்டி என்று கப்பல் கடதாசி சொன்னது. கிளறன்ஸ் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றார். மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் அந்த ஒரு பெட்டி, அனுப்பிய நாட்டிலேயே, அனுப்பியவனின் கதவுக்குப் பின்னால் சுகமாக இருப்பது தெரியவந்தது. அன்றைக்கு அவர் யார்ட்டில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரேயொரு குறை. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால், 'வந்து' என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வராது. தமிழில் 'வந்து'. சிங்களத்தில் 'இதிங்'. ஆங்கிலத்தில் 'அக்சுவலி'. மும்மொழியிலும் சரளமாகத் தடுமாறக்கூடியவர் என்று அவரைச் சொல்லலாம்.

வீட்டிலே தடுமாறினால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் யார்ட்டில் சுப்பவைசராக வருகிறவர் தினமும் காலை ஏழு மணிக்கு வேலையாட்களை நிறுத்திவைத்து, பாதுகாப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இதனாலேயே அந்தப் பதவி இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போய்விட்டது. முதல் தடவை பரீட்சைக்காகப் பேசச் சொன்னபோது, "வந்து… இதிங்… வந்து…" என்று இழுத்தார். பிறகு வேறு வழி தெரியாமல் எதிரே நின்றவர்களை எண்ணி, "முப்பத்தொரு பேர் நிக்கினம்" என்று அறிவித்துவிட்டு இறங்கிவிட்டார். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது.

இந்த வருடம் பதவி மறுபடியும் காலியாகப் போகிறது என்ற செய்தி வந்தது. புதிய மனேஜர் ரொஷான், முப்பத்துநான்கு வயதுப் பையன், அவரைக் கூப்பிட்டு, "மிஸ்டர் கிளறன்ஸ், ஆறு மாசம் டைம் இருக்கு. கதைக்கப் பழகிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி நான் வெளியால இருந்து ஆள் எடுக்கவேண்டி வரும்" என்றான். கிளறன்ஸுக்கு ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது. இதுவும் போனால், அடுத்த தடவை பதவி காலியாகும்போது அவர் வேலையிலேயே இருக்கமாட்டார். வாழ்க்கை முழுக்கக் கதவடியில் நின்ற மனிதன் என்று போய்ச்சேர அவருக்கு மனமில்லை.

அப்படித்தான் அவர் வெள்ளவத்தையிலுள்ள வளர்முகம் பேச்சாளர் வட்டத்தில் சேர்ந்தார். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், புடைவைக்கடைக்கு மேலே இருந்த ரியூசன் மண்டபத்தில், சனிக்கிழமை தோறும் பின்னேரம் மூன்று மணிக்கு அது கூடும். தலைவர் உமாசுதன், காப்புறுதிக் கொம்பனியொன்றில் பயிற்சி கொடுக்கிறவர். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு வளர்ச்சிப் பாடம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். மின்விசிறி நின்றுபோனால்கூட, "இதிலயிருந்து நாங்கள் என்ன கற்றுக்கொள்ளுறம்?" என்று கேட்பார். ஃபானைத் திருத்த வேண்டும் என்பதை மட்டும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் மூலையில் இருந்து, பேச்சில் வருகிற தேவையில்லாத இழுவைச் சொற்களை எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மணியைத் தட்டி, முடிவில் கணக்கு வாசிக்க வேண்டும். முதல் நாளே உமாசுதன், "புது ஆளுக்கு லேசான வேலை" என்று சொல்லி மணியைக் கிளறன்ஸிடம் கொடுத்தார். பாவம், யாரிடம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

கூட்ட முடிவில் கிளறன்ஸ் அட்டையைப் பார்த்து வாசித்தார். "தலைவர், 'என்னண்டா' முப்பத்திரண்டு, 'விளங்குதா' பத்தொன்பது. ஹம்சிகா பிள்ளை, 'லைக்' பதினொண்டு, தொண்டையைச் செருமினது நாலு." உமாசுதனும் வட்டத்தின் கடைக்குட்டி ஹம்சிகாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதுவரை எண்ணியவர்கள் எல்லோரும் ஏதோ குத்துமதிப்பாக ஐந்து, பத்து என்று சொல்லிவிட்டுத் தேநீருக்கு ஓடியவர்கள். இவரோ கட்டுக்கட்டாகக் கோடு போட்ட தாளை ஆதாரமாக நீட்டினார். இரண்டாம் வாரம் அவருக்கு ஒரு பட்ஜ் குத்தினார்கள்.

அதோடு அவர் பேசப் பழகின லட்சணம் முடிந்தது. அவருடைய முறை வருகிற போதெல்லாம், "நான் பேசினா ஆர் எண்ணுறது?" என்று கேட்பார். அது நியாயமான கேள்வியாகவே எல்லோருக்கும் பட்டது. நீச்சல் பழகப் போய், கரையில் நின்று மற்றவர்களுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிற ஆட்கள் நம்மிலே எத்தனை பேர்! ஐந்து மாதம் போனது. கிளறன்ஸ் மேடை ஏறவே இல்லை. ஆனால் தான் மிகவும் முன்னேறிவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது.

இந்த எண்ணுகிற வருத்தம், நோய் என்றே சொல்லலாம், மண்டபத்தோடு நிற்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டரை எண்ணினார். முடிவெட்டுகிறவரை எண்ணினார். ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து, வாசலில் சுவாமிக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, "சுவாமி, பிரசங்கம் நல்லா இருந்தது. 'ஆகவே' மட்டும் நாப்பத்தொண்டு" என்றார். அன்றிலிருந்து சுவாமி அவரைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். யார்ட்டில் பாரம் தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டுகிற பஸீர், பதினைந்து வருடச் சிநேகிதன், காலை வணக்கத்தைக்கூடக் கை தூக்கிக் காட்டிவிட்டுப் போகத் தொடங்கினான்.

கடைசியாக அந்த வருத்தம் வீட்டுக்குள் வந்தது.

அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸ் பக்கத்து மொண்டிசோரிப் பாலர் பள்ளியில் பதினெட்டு வருடமாக ரீச்சர். ஒரு புதன்கிழமை பின்னேரம் இரண்டு கோப்பை தேநீரோடு வந்து கிளறன்ஸுக்கு எதிரே உட்கார்ந்தார். தேநீரைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் உட்கார்ந்தால், ஏதோ விஷயம் இருக்கிறதென்று அர்த்தம். ஒரு கணவனுக்கு இது விளங்கியிருக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, அது வந்து, எங்கட மொண்டிசோரியில வந்து…" என்று தொடங்கினார்.

அவ்வளவுதான். மேசைக்குக் கீழே கிளறன்ஸின் பெருவிரல் மற்ற விரல்களின் கோடுகளில் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. கண்கள் மனைவியின் முகத்திலேதான் இருந்தன. தலையும் வேண்டிய இடத்தில் ஆடியது. கொன்ஸ்ரன்ஸ் சொல்லி முடித்துவிட்டு, புடைவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"என்ன, ஒண்டும் சொல்லாம இருக்கிறீங்கள்?"

"பதினாலு" என்றார் கிளறன்ஸ். பாராட்டவும் மறக்கவில்லை. "முந்தி இருபது போகும் கொன்ஸி. நல்லாக் குறைஞ்சிருக்கு."

கொன்ஸ்ரன்ஸ் தன்னுடைய கோப்பையை எடுத்தார். கிளறன்ஸ் பாதி குடித்திருந்த கோப்பையையும் எடுத்தார். இரண்டையும் கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் ஊற்றினார்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒற்றைச் சொல் ஆட்சி. "சோறு" என்றால் சாப்பிட வரவேண்டும். "மழை" என்றால் குடை எடுக்கவேண்டும். "பூட்டு" என்றால் படலையைப் பூட்ட மறந்துவிட்டார் என்று அர்த்தம். ஓர் இழுவை, ஒரு தடங்கல் கிடையாது. வளர்முகம் வட்டத்துக்கு வந்திருந்தால் முதற்பரிசு கொன்ஸ்ரன்ஸுக்குத்தான். முதல் வாரம் கிளறன்ஸ் இதை முன்னேற்றம் என்றே நினைத்தார். ஆண்கள் சில விஷயங்களை விளங்கிக்கொள்ள எடுக்கிற காலத்தில் ஒரு கப்பல் சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பிவிடும்.

இரண்டாம் வாரந்தான் உறைத்தது. "கோபமோ?" என்று கேட்டார். "இல்லை" என்றார் கொன்ஸ்ரன்ஸ். "அண்டைக்கு என்னவோ சொல்ல வந்தனீரெல்லோ?" "ஓம்." "என்னது?" "சொல்லியாச்சு."

அதற்கு மேல் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால், கொன்ஸ்ரன்ஸ் அன்றைக்குச் சொன்னதில் மொண்டிசோரி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவருக்கு நினைவில் இல்லை. பதினாலு நினைவிருந்தது. ஒன்பதாவது 'வந்து' கொஞ்சம் நீண்டு வந்ததும் நினைவிருந்தது. அந்தப் பதினாலுக்கும் இடையில் என்ன இருந்ததென்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இருபத்தேழு வருடம் பெட்டியை எண்ணியவர், உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லைதானே.

மூன்றாம் வாரம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை அவருடைய பரீட்சை. அதற்கு முந்திய சனிக்கிழமையும் அவர் வெள்ளவத்தைக்குப் போய் மணி தட்டிவிட்டுத்தான் வந்தார். புறப்படும்போது உமாசுதன் கடைசி ஆலோசனை கொடுத்தார். "அண்ணை, 'வந்து' வரப்போகுதெண்டு தெரிஞ்சா வாயை இறுக்கி மூடுங்கோ. மௌனந்தான் பேச்சாளருக்குச் சிநேகிதன்."

செவ்வாய் காலை ஏழு மணி. முப்பத்துநான்கு வேலையாட்கள் அரைவட்டமாக நின்றார்கள். ரொஷான் ஒரு கவிழ்த்த மரப்பெட்டியில், மடியில் குறிப்புக் கொப்பியோடு இருந்தான். கிளறன்ஸ் தொண்டையைச் செருமினார். அது ஒன்று என்று உள்ளுக்குள் கணக்கும் வைத்துக்கொண்டார்.

"நண்பர்களே" என்றார். அடுத்து 'வந்து' வரப்போவது தெரிந்தது. வாயை இறுக்கி மூடினார். மௌனச் சிநேகிதன் வந்தான். வந்தவன் போகவில்லை. ஒரு லொறி உள்ளே வந்து, திரும்பி, வெளியே போகும் வரைக்கும் கிளறன்ஸ் வாய் திறக்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது.

"என்ன அண்ணே, நெஞ்சு நோகுதா?" என்றான் பஸீர் உண்மையான கவலையோடு. "பேசுங்க, நாங்க ஈக்கிறோம் தானே."

அந்தக் குரலில் வாய் திறந்துகொண்டது. திறந்ததும் அடக்கிவைத்திருந்தது வெளியே வந்தது. "வந்து, பாதுகாப்பு எண்டுறது வந்து…" பெருவிரல் விரற்கோடுகளில் ஏறத் தொடங்கியது. வாய் எதையோ பேசிக்கொண்டு போக, மனம் முழுக்க விரலிலேயே இருந்தது. மூன்று. நான்கு. ஐந்து.

அப்போதுதான் கண் ரொஷானின் கொப்பியில் விழுந்தது. அவன் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான்கு நிமிர்ந்த கோடு, ஒரு குறுக்குக் கோடு. கிளறன்ஸுக்கு அது பத்து அடி தூரத்தில் இருந்தாலும் வாசிக்க வரும். ஒரு கட்டு. இன்னொரு கட்டு. மேலே இரண்டு. பன்னிரண்டு! அவருடைய கையிலோ ஏழு.

பதவி போனால் போகட்டும். பயமெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கேயோ போய்விட்டது. பிழையான ராலியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியாது.

"சேர்!" என்றார் உரத்து. "ஏழுதான். பன்னிரண்டு இல்லை."

ரொஷான் நிமிர்ந்து பார்த்தான். "என்ன ஏழு?"

"நான் சொன்ன 'வந்து'. ஏழு. நீங்கள் பன்னிரண்டு போட்டிருக்கிறீங்கள்."

"நான் உங்கட 'வந்து'வை எண்ணேல்ல மிஸ்டர் கிளறன்ஸ்" என்றான் ரொஷான் ஆறுதலாக. "ஹெல்மெற் போடாம நிக்கிற ஆக்களை எண்ணினனான்."

கிளறன்ஸ் திரும்பிப் பார்த்தார். அரைவட்டத்தில் பன்னிரண்டு வெறுந்தலைகள். வழுக்கை, எண்ணெய்த் தலை, சாயம் பூசிய தலை எல்லாம் காலை வெயிலில் மினுங்கின. பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்தவருக்கு முன்னால், அவருடைய மூக்குக்கு நேரே, இவ்வளவு நேரமும் நின்றிருக்கின்றன. முன்வரிசையில் பஸீர், ஹெல்மெற்றைக் கவிழ்த்துப்பிடித்து அதற்குள் வெற்றிலைச் சரையை வைத்திருந்தான்.

கிளறன்ஸுக்குக் கோபம் வந்தது. யாரில் என்று அந்த நேரம் அவருக்கே தெரியவில்லை.

"பஸீர்! உனக்கு வந்து மூண்டு பிள்ளையள். அது வந்து தலையில போடுறதா, வெத்திலைத் தட்டா? மல்லி, இதிங் ஹெல்மட் எக கோ? ஒலுவ எகய் தியென்னே!" தம்பி, ஹெல்மெற் எங்கே, தலை ஒன்றுதானே இருக்கிறது என்று சிங்களத்திலும் சொல்லியாகிவிட்டது. பிறகு தன்னுடைய ஹெல்மெற்றைக் கழற்றி, அதில் இருந்த பள்ளத்தைக் காட்டினார். "இந்தா பாருங்கோ. ஏழு வருசத்துக்கு முந்தி வந்து, மேலயிருந்து ஒரு பெட்டி விழுந்தது. தகரத்தில அடைச்ச மீன். நாப்பத்து மூண்டாவது பெட்டி. இது இல்லாட்டி நான் இண்டைக்கு மாதம்பிட்டிச் சவக்காலையில படுத்திருப்பன். எழும்பி வந்து, அந்தப் பெட்டியையும் ராலியில போட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனனான்!"

சிரிப்பு வெடித்தது. அவர் நிறுத்தவில்லை. திட்டினார், கெஞ்சினார், ஒவ்வொருவனுடைய வீட்டிலும் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி நினைவூட்டினார். 'வந்து'வும் 'இதிங்'கும் தண்ணீராய் ஓடின. பெருவிரல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு தலையாக மூடிக்கொண்டது. கடைசியாகப் பஸீர் வெற்றிலையைச் சேட்டுப் பையில் வைத்துவிட்டு ஹெல்மெற்றைக் கவிழ்த்துக்கொண்டான்.

ரொஷான் தன்னுடைய கோடுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். "அஞ்சு நிமிசத்துக்குப் பதினொண்டு எடுத்திட்டீங்கள்" என்றான். "அதோட, தொடங்கேக்கயே நீங்கள் பாத்திருக்க வேணும். ஆனா நான் இஞ்ச வந்த நாளிலயிருந்து எல்லாரும் ஹெல்மெற் போட்டது இண்டைக்குத்தான். மூண்டு மாசம் தற்காலிகமா பதில் சுப்பவைசரா செய்யுங்கோ, பாப்பம்."

மத்தியானம் யார்ட்டில் அவர் கேக் வாங்கவில்லை. வாங்கத் தோன்றவும் இல்லை. பன்னிரண்டு வெறுந்தலைகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. முன்னால் நின்றவர்களைப் பார்க்காமல் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரையும் அப்படித்தான் பார்க்காமல் விட்டார். வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சந்தோஷப்பட வேண்டிய நாளில் இப்படி வெட்கப்பட நேர்ந்ததே என்றும் இருந்தது.

வீட்டில் கொன்ஸ்ரன்ஸ் குசினியில் நின்றார்.

"தேத்தண்ணி?" என்றார்.

"பிறகு. இரும் கொன்ஸி. ஒரு கதை இருக்கு."

அவர் சொன்னார். மௌனச் சிநேகிதன் வந்து போகாமல் நின்றது, பஸீரின் வெற்றிலை, எல்லாம். "சேர், ஏழுதான்" என்ற இடத்தில் கொன்ஸ்ரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. கிளறன்ஸ் கொஞ்சம் கிட்டப் போனார்.

"அண்டைக்கு நீர் சொன்னது…" என்றார். "எனக்கு எண்ணிக்கை மட்டுந்தான் ஞாபகம்."

"பதினாலு."

"ஓம்."

"மிச்சம்?"

"இல்லை."

இப்போது ஒற்றைச் சொல்லில் பேசுவது கிளறன்ஸ் என்றாகிவிட்டது. கொன்ஸ்ரன்ஸ் கறிச்சட்டியை ஒருதரம் கிளறிவிட்டார்.

"எங்கட மொண்டிசோரிக் கொன்சேட்" என்றார். "பதினெட்டு வருசத்தில முதல் தரம் பெரிய ரீச்சர் என்னை வரவேற்புரை பேசச் சொன்னவ. எனக்கு வந்து, சரியான பயமா இருந்தது. நீங்கள் கிளப்புக்குப் போறனீங்கள்தானே, சொல்லித் தருவீங்கள் எண்டு உங்களிட்ட வந்தனான். அண்டைக்குக் கட்டாயம் வந்து இருக்கவேணும் எண்டும் சொன்னனான்."

"எப்ப கொன்சேட்?"

"போன சனி. மூண்டு மணிக்கு."

போன சனி மூன்று மணிக்கு அவர் வெள்ளவத்தையில் ஹம்சிகாவுக்கு மணி தட்டிக்கொண்டிருந்தார். புறப்படும்போது கொன்ஸ்ரன்ஸ் நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டார். கோயிலுக்காக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

"பேசினீரோ?"

"பேசினன். இடையில ரெண்டு தரம் நிண்டுபோச்சு. எல்லாரும் கைதட்டிச்சினம்." கொன்ஸ்ரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முன்வரிசையில உங்களுக்கு ஒரு கதிரை பிடிச்சு வச்சனான். அதைப் பாக்காம பேசத்தான் கஷ்டமாப் போச்சு."

கிளறன்ஸ் கூடத்துக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, குசினி வாசலில், கொன்ஸ்ரன்ஸுக்கு நேர் எதிரே வைத்து உட்கார்ந்தார்.

"இப்ப பேசும்" என்றார்.

"விசரே உங்களுக்கு? கறி அடுப்பில கிடக்கு."

"அடுப்பை நிப்பாட்டும்."

கொன்ஸ்ரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அடுப்பை நிறுத்தினார். அகப்பையை வைக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து நின்றார். "அன்பான பெற்றோர்களே, சின்னஞ்சிறு செல்வங்களே…" என்று தொடங்கி, நாலு வரி போனதும் குரல் தடுமாறியது. "இந்த… வந்து…" என்று நின்றுவிட்டார். கண் தானாகக் கணவனின் கையைத் தேடிப் போனது.

கைகள் இரண்டும் தெரியவில்லை. கிளறன்ஸ் அவற்றைத் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலே தன் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லும்" என்றார் அவர். "நான் வந்து, கேட்டுக்கொண்டிருக்கிறன்."